நீலமாகப் பூத்தால்

ஆதிலட்சுமியின் புருஷன் பஞ்சாட்சரம் கெட்டவன் இல்லை. அவளுக்கு வாய்த்த பெரிய தொல்லையே அதுதான். குடிகாரனாகவோ கை நீட்டுகிறவனாகவோ இருந்திருந்தால் மானாம்பதி ஊரே அவள் பக்கம் நின்று நாலு வார்த்தை பேசியிருக்கும். இவனோ உத்திரமேரூர் போனால் பெண்டாட்டிக்கென்று தனியாக ஒரு பொட்டலம் பக்கோடா வாங்கி வருகிற ஆள். காய்ச்சல் என்று அவள் படுத்தால் தானே கஞ்சி வைத்துக் கொண்டுவருவான். அப்படிப்பட்டவனோடு எதற்காகச் சண்டை போடுவது, யாரிடம் போய்ச் சொல்வது?

அவனுக்கு இருந்த ஒரே வியாதி வாக்கு. சொன்னால் சொன்னதுதான் என்று ஊருக்குள் பெயர் எடுத்திருந்தான். வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு எதுவானாலும் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துத்தான் பேசுவார்கள். ஒரு தடவை வாலாஜாபாத்தில் பங்காளி ஒருவன் தன்னுடைய ரைஸ்மில்லில் இவன் நெல்லை ஒரு பொழுது காக்கவைத்துவிட்டான். “இனிமே இந்த மில்லு வாசப்படி மிதிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு வந்தவன்தான். பங்காளி செத்துப்போய், மில் வேறு ஆள் கைக்கு மாறிய பிறகும் அதைத் தாண்டிக்கொண்டு அடுத்த மில்லுக்குத்தான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். புது முதலாளிக்கு இவன் ஏன் தன்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறான் என்றே தெரியாது. ஊரில் இதைப் பெருமையாகச் சொன்னார்கள். கூட வாழ்கிறவளைத் தவிர மற்ற எல்லாருக்கும் இது பெருமைதான்.

ஆதிலட்சுமி வளர்ந்தது குன்னூரில். அவள் அப்பா இந்தப் பக்கத்து மனிதர்தான். பிழைக்க மலையேறிப் போய், ஒரு எஸ்டேட் மேனேஜர் பங்களாவில் தோட்ட மேஸ்திரியாக இருந்து அங்கேயே கண்ணை மூடினார். அம்மா ராணியம்மாளும் அண்ணன் ராஜாராமும் அங்கேயே தங்கிவிட்டார்கள். சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று இவளை மட்டும் கீழே மானாம்பதியில் கட்டிக்கொடுத்தார்கள்.

எழுபத்து மூன்றாம் வருஷம் ஆவணியில் ராஜாராமுக்குக் கல்யாணம். வீட்டு மாப்பிள்ளை என்று பஞ்சாட்சரம் வேட்டி மடிப்புக் கலையாமல் போய் முதல் பந்தியில் உட்கார்ந்தான். பெண் வீட்டார் கூட்டம் அதிகமாக வந்துவிட்டது. யாரோ ஒருவர் வந்து, “கொஞ்சம் எழுந்திருங்க, அடுத்த பந்தியில உக்காரலாம்” என்று சொன்னார். இலையில் உப்பும் ஊறுகாயும் வைத்தாகிவிட்டது. எழுந்தான். நேராக ராஜாராமிடம் போய், “இனிமே நீயா வந்து கூப்பிட்டாத்தான் உன் தங்கச்சி இந்த வாசப்படி மிதிப்பா” என்று சொல்லிவிட்டு, ஆதிலட்சுமியைப் பெட்டி எடுக்கச் சொன்னான். ராஜாராமும் லேசுப்பட்டவன் இல்லை. கல்யாண வீட்டில் இலையை விட்டு எழுந்துபோன அவமானத்துக்கு மாப்பிள்ளைதான் முதலில் வார்த்தை சொல்ல வேண்டும் என்று அவன் ஒரு பக்கம் உட்கார்ந்துகொண்டான்.

பிறந்த வீட்டு ஆள் வந்து அழைக்காமல் பெண் அங்கே போகக் கூடாது என்பது அந்தக் குடும்பங்களில் வழக்கம். சாவு விழுந்தால் மட்டும் யாரும் அழைக்க வேண்டியதில்லை. ஆக, அம்மாவைப் பார்க்க ஆதிலட்சுமிக்கு இருந்த வழிகள் இரண்டு. அண்ணன் இறங்கி வர வேண்டும், இல்லையென்றால் அம்மா செத்துப்போக வேண்டும். இப்படி யோசித்துவிட்டோமே என்று அவள் தன்னையே திட்டிக்கொண்ட நாட்கள் உண்டு.

அன்றைக்கு அவள் பெட்டியைத் தூக்கும்போது ராணியம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். தோட்டத்துக்குப் போய் ஐட்ராஞ்சியாச் செடியில் இரண்டு குச்சி ஒடித்து, ஈரச் சாக்கில் சுற்றி மகள் கையில் கொடுத்தாள். அந்தச் செடியில் ஒவ்வொரு கொத்திலும் நாற்பது ஐம்பது பூ இருக்கும், எல்லாம் நல்ல நீலம். மானாம்பதி வெயிலுக்கு அது தாங்குமா என்று அம்மாவும் கேட்கவில்லை, மகளும் கேட்கவில்லை.

கொல்லைப்புறத்தில் கிணற்றுக்கு வடக்கே, வெயில் படாத சுவரோரமாக ஆதிலட்சுமி குச்சிகளை ஊன்றினாள். ஒன்று அழுகிப்போனது. இன்னொன்று துளிர்த்தது. இலை அகல அகலமாக வந்ததே ஒழிய அடுத்த சித்திரை வரை மொட்டு இல்லை. அந்தச் சித்திரையில்தான் அவள் வாய்விட்டுக் கேட்டாள், ஒரே ஒரு தடவை அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று. கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது. மாமியார் சிட்டம்மாளும், வீட்டு வேலைக்கு வரும் பவளமும், தண்ணீருக்கு வந்த இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பஞ்சாட்சரத்துக்கு மனசு இளகிவிட்டது. ஆனால் சொன்ன வார்த்தையை எப்படி விழுங்குவது? சுற்றுமுற்றும் பார்த்தவன் செடியைக் கை காட்டினான்.

“சரி. இது நீலமா பூக்கும்னு சொல்லிக்கினு கீறியே, பூக்கட்டும். அன்னிக்கே உன்னை அனுப்பி வெக்கிறேன். உங்க அண்ணன் வந்து கூப்பிடவும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

ரொம்பப் பெரிய மனசோடுதான் சொன்னான். மூன்று மாதத்தில் பூத்துவிடும், தானும் கௌரவமாகத் தப்பித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருப்பான். ஆதிலட்சுமிக்கும் அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைவிடப் பைத்தியக்காரத்தனமான ஒரு சந்தோஷம் தன் வாழ்க்கையில் கிடையாது என்று பிற்பாடு அவளே சொல்வாள்.

இனிமேல்தான் கூத்து. கொல்லையில் இருந்த மல்லிகைச் செடிகளுக்கு ஒரு கணக்கு உண்டு. கார்த்திகையில் செடியை முட்டிக்குக் கீழே கவாத்து பண்ணி, இலையை உருவிவிட்டு, பதினைந்து நாள் தண்ணீர் காட்டாமல் போட வேண்டும். அப்போதுதான் பங்குனியில் புதுக் கொம்பு விட்டு மொட்டாகக் கொட்டும். பஞ்சாட்சரத்தின் கவாத்துக் கை ராசியான கை. அவன் வெட்டிய செடி அரைப்படி கூடப் பூக்கும் என்று அக்கம்பக்கத்துக் கொல்லைகளுக்கும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். கார்த்திகை வந்தது. மல்லியை வெட்டினான். வெட்டிக்கொண்டே வந்து அதே கத்தியோடு குன்னூர்ச் செடியையும் ஒட்ட வெட்டினான்.

ஆதிலட்சுமி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். இந்தச் செடி இந்த வருஷத்துக் கொம்பில் பூக்காது, போன வருஷத்துப் பழங்கொம்பின் நுனியில்தான் அடுத்த பூ உட்கார்ந்திருக்கும். பூத்து முடிந்த தலையை மட்டும் கிள்ள வேண்டும், காய்ந்ததை மட்டும் எடுக்க வேண்டும். அப்பா பின்னால் நடந்து நடந்து அவள் எட்டு வயதில் தெரிந்துகொண்டது இது.

“இத வெட்டக் கூடாதுங்க. வெட்டினா பூக்காது.”

“எனக்குக் கவாத்து சொல்லித் தர்றியா?” என்று சிரித்தான் அவன். “வெட்டாத செடி எங்கனா பூக்குமா? நீ பாரு, பங்குனியில சும்மா அள்ளிக்கினு வரும்.”

வரவில்லை. அடுத்த கார்த்திகையிலும் சொல்லிப் பார்த்தாள். “போன வருசம் சரியா வெட்டல, அதான்” என்று இன்னும் ஒரு சாண் இறக்கி வெட்டினான். மூன்றாம் வருஷம் சொன்னபோது, நாலு பேர் முன்னால் தன் கைராசியைக் குறை சொல்கிறாள் என்று அவனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. அதற்கப்புறம் அவள் சொல்வதை விட்டுவிட்டாள்.

கொடுமை என்னவென்றால் அந்த வீட்டில் அந்தச் செடி பூக்க வேண்டும் என்று அவளைவிட அதிகமாக ஆசைப்பட்டவன் அவன்தான். கத்திரி வெயிலில் அதற்குத் தென்னங்கீற்றில் பந்தல் போடுவான். மற்ற செடிகளுக்குக் காட்டாத தண்ணீரை இதற்கு இரண்டு வேளை ஊற்றுவான். ஊற்றி ஊற்றி வளர்த்து, கார்த்திகை வந்ததும் வரப்போகும் பூவை எல்லாம் தன் கையாலேயே வெட்டி எருக்குழியில் போடுவான். ஆதிலட்சுமி அடுப்படியில் நின்றுகொண்டு கத்திச் சத்தத்தைக் கேட்பாள். இன்னும் ஒரு வருஷம் போயிற்று என்று அர்த்தம். ஆறு வருஷம் கேட்டாள். இடையில் பாஞ்சாலி பிறந்தாள், நடந்தாள், பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். ராணியம்மாள் பேத்தியைப் போட்டோவில்கூடப் பார்த்ததில்லை.

எண்பதாம் வருஷம் ஐப்பசி மழையில் பஞ்சாட்சரம் வரப்பில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். எலும்பு வைத்தியத்துக்குப் புத்தூர் போய், மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டு வந்தான். தை பிறக்கும் வரை கத்தியைத் தொடக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆதிலட்சுமி ராத்திரி பகல் பார்க்காமல் அவனுக்குப் பணிவிடை செய்தாள். சோறு பிசைந்து கொடுத்தாள், முதுகு தேய்த்துவிட்டாள். அத்தனைக்கும் நடுவில், கை உடைந்ததே என்று ஒரு குதூகலம் இருந்துகொண்டே இருந்தது. அதற்காக அவள் வெட்கப்படவில்லை, நானும் அவளை வெட்கப்படச் சொல்ல மாட்டேன்.

கார்த்திகையில் மல்லியைப் பவளம் வெட்டினாள். குன்னூர்ச் செடிப் பக்கம் அவளை விடாமல் ஆதிலட்சுமியே புருஷனின் கத்தியை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். ஒவ்வொரு கொம்பாகப் பிடித்து நகத்தால் கீறிப் பார்த்தாள். உள்ளே பச்சை இருந்தால் விட்டாள், பழுப்பாக இருந்தால் அடியோடு எடுத்தாள். ஒன்றின் மேல் ஒன்று உரசிக்கொண்டிருந்த இரண்டு நோஞ்சான் கொம்புகளை நீக்கினாள். எழுந்து பார்த்தபோது ஏழு கொம்புகள் இடுப்பளவுக்கு நின்றன. மார்கழியில் அந்த வருஷம் நல்ல குளிர். ஊரே போர்த்திக்கொண்டு சபித்தபோது அவள் ஒருத்திதான் இன்னும் குளிரட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

தையில் கட்டு அவிழ்ந்தது. ஒரு காலை, கை பழக வேண்டும் என்று பஞ்சாட்சரம் கத்தியை எடுத்துக்கொண்டு நேராகச் சுவரோரம் போனான்.

“இன்னா இது, இத யாரும் தொடலியா? காடாட்டம் கீது.”

ஆதிலட்சுமி ஈரக் கையோடு அடுப்படி வாசலுக்கு வந்தாள். அப்போது முற்றத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்த சிட்டம்மாள் தலையைத் தூக்காமலே சொன்னாள்.

“வெள்ளிக்கியம அதுவுமா பச்ச மரத்துல கத்தி வெக்காத. உடைஞ்ச கை இன்னும் கூடல உனக்கு.”

மறுநாள் அவனுக்கு வயலில் வேலை வந்துவிட்டது, அப்புறம் மறந்துபோனான். மாமியார் அதைத் தெரிந்து சொன்னாளா, வழக்கத்துக்குச் சொன்னாளா என்று ஆதிலட்சுமி அவள் முகத்தைப் பார்த்தாள். சிட்டம்மாள் உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

மாசியில் குன்னூரிலிருந்து இன்லண்டு கடிதம் வந்தது. அம்மா யாரையோ வைத்து எழுதியிருந்தாள். மூச்சு வாங்குகிறது, படி இறங்க முடியவில்லை, வேறு விசேஷம் இல்லை. உன்னைப் பார்க்க வேண்டும் என்று எழுதவில்லை. எழுதினால் மகளுக்குச் சங்கடம் என்று விட்டிருப்பாள். ஆதிலட்சுமி அதைப் புருஷனுக்குப் படித்துக் காட்டினாள். அவன் அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “உங்க அண்ணனுக்கு ஒரு காயிதம் போட்டா இன்னா, வந்து ஒரு வார்த்த கூப்பிடச் சொல்லி?” என்றான். அவள் போட்ட காகிதங்கள் எத்தனை என்று அவனுக்கும் தெரியும்.

பங்குனி முதல் வாரம் கொம்பு நுனியில் மொட்டு கண்டது. கேழ்வரகை ஒட்டிவைத்த மாதிரி பச்சையாக, பொடிப்பொடியாக ஒரு கொத்து. ஏழு கொம்பில் மூன்றில். ஆதிலட்சுமி கிணற்றடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் பஞ்சாட்சரமும் பார்த்தான். “பாத்தியா, என் தண்ணி” என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். மறுநாளே பெண்டாட்டிக்கும் மகளுக்கும் புதுத் துணி எடுக்கக் காஞ்சிபுரம் போவதா உத்திரமேரூர் போவதா என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

பத்து நாள் கழித்து, விரியப்போகிற பூவின் ஓரத்தில் லேசாக ரோஸ் நிறம் தட்டியது.

முதலில் அவள் நம்பவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். ரோஸ்தான். அப்பா எப்போதோ சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. இந்தப் பூவுக்கு மண்தான் நிறம். மலை மண்ணில் நீலம் பூப்பது சுண்ணாம்பு மண்ணில் ரோஸாகிவிடும். பங்களா துரைசானி நீலம் கேட்டால் அப்பா மண்ணில் படிகாரம் கரைத்து ஊற்றுவார். இங்கேயோ ஒவ்வொரு பொங்கலுக்கும் பவளம் வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டு, மிச்சமிருந்த சுண்ணாம்புத் தண்ணீரைக் கரையான் வராமல் இருக்கட்டும் என்று அந்தச் செடியின் காலில்தான் கொட்டிக்கொண்டிருந்தாள். எட்டுப் பொங்கல். அவளும் நல்லதைத்தான் நினைத்தாள். அந்த வீட்டில் எல்லாரும் நல்லதையே நினைத்து ஒருத்தியைச் சாகடித்தார்கள்.

உத்திரமேரூர் நஜிமுதீன் பாய் கடையிலிருந்து பவளத்தை விட்டுப் படிகாரம் வாங்கிவரச் சொன்னாள். “திருஷ்டிக்காம்மா?” என்று கேட்டவளிடம், இல்லை, பூ நீலமாகத்தான் என்றாள். இடித்துக் கரைத்துத் தினமும் ஒரு சொம்பு ஊற்றினாள். இலை ஓரம் கருகியது. பூவின் நிறம் மாறவில்லை. படிகாரம் மொட்டுக்கு முன்னால் மாதக்கணக்கில் மண்ணில் ஊற வேண்டும், பூவுக்குப் பின்னால் ஊற்றி என்ன பிரயோஜனம்?

சித்திரை பிறந்த மூன்றாம் நாள் மூன்று கொத்தும் முழுசாக விரிந்தன. கோயில் திருவிழாவில் விற்கும் பஞ்சு மிட்டாய் நிறம். ஊர்ப் பெண்கள் வந்து பார்த்து வாயில் கை வைத்தார்கள். இப்படி ஒரு பூவை அவர்கள் பார்த்ததில்லை. பஞ்சாட்சரம் வயலிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டு செடி முன்னால் நின்றான். வரப்புத் தகராறில் கயிறு பிடித்துப் பார்க்கிற மாதிரி குனிந்து, நிமிர்ந்து, சுற்றி வந்து பார்த்தான்.

“நீலம் இல்லியே, லட்சுமி.”

“இல்லதான்.”

“நீலமா பூத்தாத்தான்னு சொன்னேன்.”

சிட்டம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். “டேய், நீலமோ செவப்போ, பூத்துச்சா இல்லியா? அனுப்பி வையேண்டா.”

“எம்மா, நாலு பேர் கேக்கச் சொன்ன வார்த்த. இன்னிக்கு இத வளச்சிட்டன்னா, நாளைக்கு எவன் என் பேச்ச மதிப்பான்?” அவன் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே வருத்தப்பட்டான். தோல்வி தன்னுடையது மாதிரி மனைவியின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, தணிந்த குரலில் சொன்னான். “நீ ஒண்ணும் மனசு உட்டுடாத. படிகாரம் போட்டா நீலமாவுமாமே, பவளம் சொல்லிச்சு. இப்பருந்தே நானே போடறன். இனிமே கத்தியும் வெக்கல. அடுத்த வருசம் பாரு.”

அடுத்த வருஷம். ஆதிலட்சுமி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவுக்குப் படி இறங்க மூச்சு இல்லை. இவன் அடுத்த வருஷம் என்கிறான். அதையும் அன்பாகச் சொல்கிறான். எட்டு வருஷமாக ஒரு செடியின் காலடியில் தன்னைக் கட்டிப்போட்ட கயிறு எது என்று அவள் முதல் தடவையாக நிதானமாக யோசித்தாள். அந்த வாக்கை அவன் கொடுத்தான், அவன் காப்பாற்றுகிறான். அதில் அவள் எங்கே வருகிறாள்?

அன்றைக்கும் எப்போதும் போல வேலை பார்த்தாள். சமைத்தாள், பரிமாறினாள், பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் படுத்தாள். மறுநாள் விடிந்ததும் குளித்து, இரண்டு புடவையும் பாஞ்சாலியின் மூன்று கவுனும் பையில் வைத்தாள். பிள்ளையைத் தேடினால் அது கூடத்தில் சிட்டம்மாள் முன்னால் உட்கார்ந்திருந்தது. கிழவி அதற்கு எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னி, ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள். “பேன் பாத்து அனுப்பணும்ல, அங்க வந்து நம்மள இன்னா நெனப்பாங்க” என்றாள், யாரையும் பார்க்காமல்.

பஞ்சாட்சரம் பல்குச்சியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தான். பையைப் பார்த்தான்.

“எங்க?”

“எங்க அம்மாவ பாக்க.”

“நான் சொன்ன வாக்கு இன்னாவறது?”

“அது உங்க வாக்குங்க. பத்திரமா வெச்சிக்கினு இருங்க. போவ மாட்டேன்னு நான் யாருக்கும் வாக்கு குடுக்கல.”

அவன் வாயைத் திறந்தான். வரப்புக்கும் வாய்க்காலுக்கும் நாலு ஊருக்குத் தீர்ப்புச் சொன்ன வாய். பல்குச்சியை மறுபடி அதில் வைத்துக்கொண்டான். வழியை மறித்து நிற்கவும் தெரியவில்லை, ஒதுங்கவும் தெரியவில்லை. அவளே கொஞ்சம் ஒதுங்கி, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி நடந்தாள். பத்து நாளில் திரும்பி வருகிறேன், மோர்க்குடத்தை மூடி வையுங்கள் என்று தெருவிலிருந்து சொன்னாள். அவன் தலையாட்டினானா என்று பார்க்கவில்லை.

மூன்று பஸ்ஸும் இரண்டு ரயிலும் மாறி மறுநாள் மத்தியானம் குன்னூர் போய்ச் சேர்ந்தார்கள். ராஜாராம் ஆபீஸ் போயிருந்தான். அவன் பெண்டாட்டி, ஒரு தடவைகூடச் சேர்ந்து உட்கார்ந்து பேசியிராத நாத்தனாரைப் பார்த்துத் திகைத்து, உள்ளே கை காட்டினாள். ராணியம்மாள் ஜன்னலோரக் கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாதியாகக் கரைந்திருந்தாள். மகளை அடையாளம் கண்டு, பேத்தியை இழுத்து மடியில் வைத்து, அதன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். மூச்சு வாங்கி அடங்க நேரமாயிற்று. அப்புறம் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

“யாரு இட்டுக்கினு வந்தது? மாப்பிள்ள வெளிய நிக்கிறாரா?”

“யாரும் வரலம்மா. நானாத்தான் வந்தேன்.”

ராணியம்மாள் மகளை வெறித்துப் பார்த்தாள்.

“அப்ப இத்தினி வருசமா உனக்கு வழி தெரியாமப் போச்சா?”

ஆதிலட்சுமி கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, எட்டு வருஷத்துக்கும் சேர்த்து அழுதாள்.